முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பெண் தாயாகும்போது

பெங்களூர் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு, முதுகில் கட்டியோடு பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வருவது இன்று நேற்றல்ல. கர்நாடகத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்தும் வருகிறார்கள். முதுகுத் திறப்பை மூடவும், தலையில் நீர் சேர்ந்தால் ஷன்ட் குழாய் வைக்கவும் நரம்பு அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிழைத்த பெண் குழந்தைகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொள்கிறார்கள். அடுத்து அவர்கள் கேட்பது எந்தப் பெண்ணும் கேட்கும் கேள்விதான்: "நான் குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?"

வீட்டில் தயக்கம். மருத்துவமனையிலும் சில இடங்களில் "உங்களுக்கு எதுக்கும்மா இந்த ரிஸ்க்" என்று பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஸ்பைனா பைஃபிடா எனப்படும் இந்த முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பெண்களின் கர்ப்பம் குறித்து முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் மருத்துவ அனுபவம் வேறு பதிலைத் தருகிறது. பெரும்பாலானவர்கள் பெற்றுக்கொள்ளலாம். வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்தவை; தெரிந்தவற்றுக்குத் தயாராக முடியும். தயாராகாமல் போவதற்கு முதல் காரணம், அந்த ஒரே உடம்பைப் பங்கு போட்டுப் பார்க்கும் துறைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பது. இதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்து, பெங்களூர் போன்ற ஒரு நகரத்தில் இந்தப் பராமரிப்பு எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேள்வி எழுந்த வரலாறு

கரு உருவான 28 நாட்களுக்குள் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். முதுகுப் பகுதியில் அது மூடாமல் நின்றுவிட்டால் அதுவே ஸ்பைனா பைஃபிடா. இதில் பல வகை உண்டு. தோலுக்கு அடியில் எலும்பு மட்டும் சற்றுப் பிளந்திருக்கும் வகை எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வரும். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராது. தண்டுவடமும் நரம்புகளும் ஒரு பையாக வெளியே பிதுங்கிப் பிறக்கும் மைலோமெனிங்கோசீல்தான் கடுமையான வகை. கால் பலவீனம், உணர்ச்சிக் குறைவு, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமை, தலையில் நீர் சேர்தல், முதுகு வளைவு என்று பலவும் இதனோடு சேர்ந்து வரும். இக்கட்டுரை பெரிதும் இந்த வகையைப் பற்றியது.

ஒரு காலத்தில் இப்படிப் பிறந்தவர்கள் வயதுக்கு வருவதே அரிது. இரண்டு கண்டுபிடிப்புகள் நிலைமையை மாற்றின. 1956-இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற எந்திரத் தொழிலாளி, தலையில் நீர் சேர்ந்த தன் மகனுக்காக வடிவமைத்த வால்வு, ஷன்ட் சிகிச்சையை நம்பத்தக்கதாக்கியது. 1972-இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ், சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயைச் செருகிச் சிறுநீரை எடுத்துவிட்டால் சிறுநீரகங்களைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். சி.ஐ.சி. என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படும் முறை அதுதான். முன்னது மூளையைக் காத்தது, பின்னது சிறுநீரகத்தைக் காத்தது. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் போன்ற விலை குறைந்த உள்நாட்டுக் கருவிகள் வந்த பிறகு ஏழைக் குடும்பங்களுக்கும் இந்தச் சிகிச்சை எட்டியது.

இந்தியாவில் நரம்புக்குழாய்க் குறைபாடுகள் ஆயிரம் பிறப்புகளுக்கு நான்கு முதல் ஐந்து வரை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணித்திருக்கிறார்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டமும் பிறவிக் குறைகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடும். குழந்தை மருத்துவர் விடைகொடுக்கும் வயதுக்கும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும் வயதுக்கும் நடுவில் உள்ள ஆண்டுகளில் பல பெண்கள் எந்தப் பராமரிப்பிலும் இல்லை. கர்ப்பத்தில் வெடிக்கும் சிக்கல்களுக்கு வித்து பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை

ஸ்பைனா பைஃபிடா உள்ள பெண்களின் கருத்தரிக்கும் திறன் பொதுவாகக் குறைவதில்லை. "இவளுக்கு எங்கே தங்கப் போகிறது" என்ற எண்ணத்தில் யாரும் எதுவும் சொல்லித் தராமல் விட்டுவிட, திட்டமிடாத கர்ப்பம் உண்டாகிவிடுகிறது. அதற்குள் முக்கியமான வாரங்கள் கடந்துபோயிருக்கும்.

தாய்க்கு இக்குறை இருந்தால் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை. அதாவது நூறில் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது இது வராது. இருக்கும் வாய்ப்பையும் வெகுவாகக் குறைக்கலாம். ஏற்கெனவே இக்குறையோடு குழந்தை பெற்ற பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மறுமுறை வரும் ஆபத்தை 72 விழுக்காடு குறைத்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய பல மைய ஆய்வும் அதே திசையில் முடிவு கண்டது. தாய்க்கே இக்குறை இருக்கும்போதும் இந்த உயர் அளவையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நம் மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரை மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது மூன்று மாதம், கருத்தரித்த பின் 12 வாரம் வரை எடுக்க வேண்டும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்குள் அந்த 28 நாள் முடிந்துவிடும்.

அரசு தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறதே, ரேஷன் அரிசியிலும் சேர்க்கிறார்களே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாத்திரையில் இருப்பது 500 மைக்ரோகிராம். தேவையில் எட்டில் ஒரு பங்கு. செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். நாளுக்கு 300 கிராம் சாப்பிட்டாலும் 40 மைக்ரோகிராமைத் தாண்டாது. தேவையில் நூறில் ஒரு பங்கு. பொதுமக்களுக்கு அவை பயன்தரும், இந்தப் பெண்களுக்குப் போதாது.

ஃபோலிக் அமிலத்தோடு பி12-ஐயும் பார்க்க வேண்டும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வுகள் இந்த விஷயத்தில் முன்னோடியானவை. தாய்க்கு பி12 குறைவாக இருப்பதற்கும் குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் 2006-இல் காட்டினார்கள். கர்ப்ப காலத்தில் நாளுக்கு 50 மைக்ரோகிராம் பி12 கொடுத்தால் தாயிடமும் தாய்ப்பாலிலும் குழந்தையிடமும் அதன் அளவு உயர்வதை 2014-இல் காட்டினார்கள். சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைவு சாதாரணம். குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு அது இன்னும் குறையலாம். பி12 குறைவை அறியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உயர் அளவில் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தெரியும். நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும். ஏற்கெனவே நரம்புக் குறை உள்ள பெண்ணிடம் கால் மரத்துப்போனால் "அது பழைய பிரச்சினைதானே" என்று விட்டுவிடுவது எளிது. ஒரு ரத்தப் பரிசோதனை இந்தத் தவறைத் தடுக்கும்.

அடுத்தது மருந்துப் பட்டியல். நீர்த்தொற்று வராமலிருக்கப் பலர் ஆண்டுக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை சாப்பிட்டு வருவார்கள். அதில் உள்ள டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுப்பது. கருத்தரிக்க முயலும் காலத்திலும் முதல் மூன்று மாதத்திலும் தவிர்க்க வேண்டியது. வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்தே கருவில் ஸ்பைனா பைஃபிடாவை உண்டாக்கக்கூடியது. நரம்பியல் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகத்தைப் பாதுகாக்கக் கொடுத்திருக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் கருவுக்கு ஆகாதவை. இவற்றில் எதையும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து கேட்டு வாங்க வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன் சில அளவுகளையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், சிறுநீரக ஸ்கேன், ரத்த அழுத்தம், முதுகு வளைவு அதிகமிருந்தால் மூச்சுத்திறன், ஷன்ட் இருந்தால் தலை ஸ்கேன், முதுகின் எம்.ஆர்.ஐ. எந்தக் கர்ப்பிணிக்கும் சிறுநீரகம் சற்று வீங்கும். பழைய ஸ்கேன் கையில் இருந்தால்தான் அது இயல்பான வீக்கமா, அடைப்பா என்று சொல்ல முடியும். சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் மரபியல் ஆலோசனையின்போது அதையும் சொல்ல வேண்டும்.

சிறுநீர்ப்பை

கர்ப்ப காலத்தில் இந்தப் பெண்களை அதிகம் வாட்டுவது நீர்த்தொற்று. சி.ஐ.சி. செய்பவர்களின் சிறுநீரில் எப்போதும் ஏதாவது கிருமி இருக்கும். கல்ச்சர் ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வந்தவுடன் மருந்து கொடுப்பதா, காய்ச்சலோ விலாவலியோ வந்தால் மட்டும் கொடுப்பதா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் கர்ப்பம் முழுக்கக் குறைந்த அளவில் தடுப்பு மருந்து தருகிறார்கள். வேறு சிலர் மாதம் ஒருமுறை கல்ச்சர் பார்த்து முடிவு செய்கிறார்கள். எந்த வழியானாலும், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைமாதப் பிரசவ வலி தொடங்கிவிடலாம் என்பதால் காய்ச்சலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கருப்பை வளர வளர சிறுநீர்ப்பை நசுங்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டி வரும். வயிற்றில் தொப்புள் பக்கமாகச் சிறு துளை வைத்து அதன் வழியே சிறுநீர் எடுக்கும் மிட்ரோஃபனோஃப் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கடைசி மாதங்களில் அந்தப் பாதை வளைந்து குழாய் நுழையாமல் போகலாம். அப்போது பிரசவம் வரை குழாயை உள்ளேயே விட்டு வைக்க வேண்டியிருக்கும்.

குடல் சேர்த்துப் பெரிதாக்கிய சிறுநீர்ப்பை உள்ளவர்களிடம் இரண்டு சாதாரணப் பரிசோதனைகள் பொய் சொல்லும். கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட் கர்ப்பம் இல்லாமலே இரண்டு கோடு காட்டலாம்; ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோதான் உறுதி செய்யும். ஒவ்வொரு செக்கப்பிலும் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டையும் அப்படித்தான். குடல் சுரக்கும் சளி சிறுநீரில் கலப்பதால் பட்டை 'புரதம்' என்று நிறம் மாறும். இது தெரியாத மருத்துவர் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் என்று எண்ணி அவசரமாகச் சிசேரியனுக்கு அனுப்பிவிடலாம். "இவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று நினைத்து நிஜமான நோயைக் கோட்டை விடுவதும் நடக்கலாம். ரத்த அழுத்தம், தட்டணுக்கள், ஈரல் பரிசோதனை, முன்பே எடுத்து வைத்த புரத அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மலச்சிக்கலும் இதோடு சேர்ந்தது. குடலின் இயக்கம் ஏற்கெனவே மந்தம். இரும்புச்சத்து மாத்திரை அதை இறுக்கிவிடும். இறுகிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி நீர்த்தொற்றைக் கூட்டும். அளவை மாற்றுவதோ, ஊசி வழியே இரும்புச்சத்து ஏற்றுவதோ நல்ல வழி.

ஷன்ட்

தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்கும் ஷன்ட் குழாய் வைத்த பல பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனாலும் கருப்பை வளர்ந்து வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது குழாயின் ஓட்டம் குறையலாம். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பார்வை மங்கல் ஆகியவை அதன் அறிகுறிகள். முதல் மாதங்களில் இவற்றை மசக்கை என்று நினைத்துவிடலாம். கடைசி மாதங்களில் கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் அறிகுறிகளும் இவையே. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. தவறினால் உயிருக்கே ஆபத்து. எனவே ஷன்ட் உள்ள கர்ப்பிணிக்கு விடாத தலைவலி வந்தால் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், நரம்பு அறுவை மருத்துவரையும் அன்றே அழைக்க வேண்டும்.

மருந்தேற்றாத எம்.ஆர்.ஐ. கர்ப்பத்தில் பாதுகாப்பானது. வெளியிலிருந்தே அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வு வைத்திருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. முடிந்ததும் அந்த அளவைச் சரிபார்க்க வேண்டும். ஷன்ட் நன்றாக வேலை செய்தால் பிரசவத்தில் முக்குவதற்குத் தடையில்லை.

முதுகு, தோல், ரப்பர்

முதுகு வளைந்த பெண்ணின் வயிற்றை டேப்பால் அளந்து குழந்தையின் வளர்ச்சியைச் சொல்ல முடியாது. ஸ்கேன் வைத்தே சொல்ல வேண்டும். குழந்தைக்கு இடம் குறையும்போது தாய்க்கு நுரையீரல் விரியவும் இடம் குறையும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாகாது.

எடை கூடக் கூட, உணர்ச்சியற்ற இடுப்பிலும் பாதத்திலும் புண் வரும். வலி தெரியாததால் பழுத்த பிறகே கண்ணில் படும். சக்கர நாற்காலி மெத்தையை மாற்றுவது, அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வது, தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது என எல்லாம் பழைய பாடங்கள்தான். கர்ப்பத்தில் இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். நடமாட்டம் குறைந்தவர்களுக்குக் கால் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். உறைவதைத் தடுக்கும் ஊசி வேண்டுமா என்று முன்பே தீர்மானிக்க வேண்டும்.

நம் மருத்துவமனைகளில் அடிக்கடி மறக்கப்படுவது ரப்பர் ஒவ்வாமை. குழந்தைப் பருவத்திலிருந்து அறுவையும் குழாயுமாக வளர்ந்த இவர்களுக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். பலூன் ஊதினால் உதடு வீங்கும், வாழைப்பழமோ கிவியோ சாப்பிட்டால் வாய் அரிக்கும். இப்படித்தான் சிலரிடம் அது முதலில் தெரிய வரும். பிரசவ அறையின் டிரேயைப் பாருங்கள். கையுறை ரப்பர். மலிவான ஃபோலி கதீட்டர் ரப்பர். கையில் கட்டும் பட்டை ரப்பர். பிரசவ நேரத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று கடும் அதிர்ச்சியை உண்டாக்கினால் தாய், சேய் இருவர் உயிரும் ஊசலாடும். சிலிக்கான் கதீட்டரும் ரப்பர் கலக்காத கையுறையும் கடையில் கிடைப்பவைதான். முதல் செக்கப்பிலேயே எழுதி, முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அறுவை என்றால் அன்றைய முதல் கேஸாக எடுக்க வேண்டும்.

சுகப்பிரசவமா, சிசேரியனா

ஸ்பைனா பைஃபிடா என்றாலே சிசேரியன் என்று முடிவெடுப்பது பழைய வழக்கம். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இப்பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும் மற்றப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் சிசேரியன் நடப்பதைக் கண்டார்கள். நம் ஊரில் பொதுவாகவே விகிதம் அதிகம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு, கர்நாடகத்தில் 31.5. இந்தச் சூழலில் இப்பெண்களுக்குச் சுகப்பிரசவத்தைப் பற்றி யோசிக்கவே நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

யோசிக்க வேண்டும். ஏனென்றால் சிசேரியன் இவர்களுக்குப் பத்திரமான வழியாக இருந்துவிடும் என்று சொல்ல முடியாது. முன்பு செய்த அறுவைகளால் வயிற்றுக்குள் உறுப்புகள் ஒட்டிக்கிடக்கும். ஷன்ட் குழாயின் முனை அங்கேதான் இருக்கும். கிருமி தொற்றினால் மூளைக்கு ஏறும். பெரிதாக்கிய சிறுநீர்ப்பைக்கும் மிட்ரோஃபனோஃப் பாதைக்கும் ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் கருப்பையின் முன்னால் விரிந்திருக்கும். வழக்கமான இடத்தில் கத்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த சிறுநீர்ப்பை ஒரு நிமிடத்தில் போய்விடும். இவர்களுக்குச் சிசேரியன் செய்யும்போது யூராலஜி மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். சிலருக்குக் கருப்பையின் மேல்பகுதியில் கீற வேண்டியிருக்கும். பழைய அறுவைக் குறிப்புகளை முன்பே படித்திருக்க வேண்டும்.

நடமாடக்கூடிய, இடுப்பெலும்பு போதிய அகலமுள்ள, குழந்தை தலைகீழாக நிற்கும் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் தகுந்த வழி. இடுப்பு மிகக் குறுகியவருக்கும், தொடை மடங்கி விரிய முடியாதவருக்கும், குழந்தை குறுக்கே கிடப்பவருக்கும் சிசேரியன் தேவைப்படும். இடுப்புத் தசை பலவீனமானவர்களுக்குச் சுகப்பிரசவத்துக்குப் பிறகு கருப்பை இறக்கம் வரலாம் என்பதையும் சொல்லியே முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலோருக்குப் பிளவு கீழ்முதுகில் இருப்பதால் பிரசவ வலி தெரியும். பிளவு மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலே வலி தொடங்கிவிடலாம். வயிற்றில் கை வைத்து இறுக்கத்தை உணரக் கற்றுக்கொடுப்பதும், கடைசி வாரங்களில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கச் சொல்வதும் அவர்களுக்கு அவசியம்.

மயக்க மருந்து நிபுணரைப் பிரசவ நாளன்று அழைப்பது தாமதம். முதுகில் ஊசி போடலாமா என்பது தண்டுவடம் எங்கே முடிகிறது, கீழே ஒட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பழைய எம்.ஆர்.ஐ. இல்லாமல் ஊசி போட்டால் தண்டுவடத்திலேயே படலாம். எபிடியூரல் மருந்து ஒரு பக்கம் பரவி மறுபக்கம் பரவாமல் போகலாம். முழு மயக்கம் என்றாலும் குட்டைக் கழுத்தும் வளைந்த முதுகும் சுவாசக் குழாய் போடுவதைக் கடினமாக்கும். ஏழாம் மாதத்துக்குள் ஒருமுறை அவர் நேரில் பார்த்துத் திட்டத்தை எழுதிவிட்டால், நள்ளிரவில் வலி வந்தாலும் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்குக் கை நடுங்காது.

பிரசவத்தோடு வேலை முடிவதில்லை. அடுத்த சில வாரங்களுக்கு ரத்தம் உறைதல், நீர்த்தொற்று, புண், மனச்சோர்வு ஆகிய நான்கையும் கவனிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கலாம். மடியில் வைத்துக்கொள்ள ஏற்ற தலையணை, சக்கர நாற்காலி உயரத்துக்குத் தொட்டில் என்று முன்பே ஏற்பாடு செய்தால் தாயே குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். கருத்தடையிலும் தேர்வு வேண்டும்: ரப்பர் ஆணுறை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது, நடமாட்டம் குறைந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். காப்பர்-டி வைத்துக்கொள்பவர், வலி தெரியாததால் கோளாறும் தெரியாமல் போகலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் அறையும் சட்டமும்

கருவில் இருக்கும் குழந்தைக்கும் இக்குறை இருக்கிறதா என்று 11–14 வார ஸ்கேனிலும் 18–20 வார ஸ்கேனிலும் பார்க்கிறார்கள். இருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தாய் கேட்கும் வார்த்தைகள் மற்றத் தாய்மார்களுக்குச் சொல்லப்படுவது போலிருக்க முடியாது. "இப்படிப் பிறந்தால் வாழ்க்கையே இல்லை" என்று வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரிடமே சொல்வது கொடுமை. பிளவு எந்த உயரத்தில் இருக்கிறது, என்ன சிகிச்சை உண்டு, எந்தக் குறை எஞ்சும் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முடிவு அவருடையது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 10-ஆம் பிரிவு, குழந்தைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு குறித்த தகவல் பெறும் உரிமையைத் தருகிறது. சம்மதம் இல்லாமல் கருத்தடை அறுவை செய்யக் கூடாது என்கிறது. 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருக்கலைப்புக்கு உள்ளாக்குவதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மிகக் கடுமையான குறைபாடு உள்ள சில நிலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு தந்திருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தையொட்டி வந்த விதிகள், உடல் ஊனம் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பு வாய்ப்பைத் தந்திருக்கின்றன. பெற்றுக்கொள்வதும் வேண்டாமென்பதும் பெண்ணின் தனிமனிதச் சுதந்திரம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் சொல்லியிருக்கிறது. மாமியாரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க இதில் இடமில்லை.

பெங்களூரால் செய்ய முடியும்

இந்தப் பராமரிப்புக்கு வேண்டிய நிபுணர்கள் இந்தியாவில் ஒரு நகரத்தில் இருக்கிறார்கள் என்றால் அது பெங்களூர். நரம்பு அறுவைக்கு நிம்ஹான்ஸ். பிரசவத்துக்கு 1935 முதல் இயங்கும் வாணி விலாஸ். சிறுநீரகத்துக்கு, வாணி விலாஸ் இருக்கும் அதே விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் நெஃப்ரோ யூராலஜி நிறுவனம். பல துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் கோரமங்கலா செயின்ட் ஜான்ஸ். மறுவாழ்வுப் பயிற்சிக்கு, தானே சக்கர நாற்காலியில் இயங்கிய என்.எஸ். ஹேமா 1959-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கமான ஏ.பி.டி. ஆனால் இவற்றுக்கிடையே அலைவது கர்ப்பிணிதான். ஒவ்வொரு இடத்திலும் தனி ஃபைல். ஒவ்வொரு இடத்திலும் "உங்களுக்கு என்ன ஆபரேஷன் ஆச்சு?" என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்த அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும்.

இதை மாற்றப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை நிபுணர் பார்க்கும் பிரதம மந்திரி திட்டம் 2016 முதல் இருக்கிறது. ஆபத்து கூடிய கர்ப்பத்துக்கு அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கர்நாடகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் தாயி கார்டு இருக்கிறது. அந்தக் கார்டோடு ஒரே ஒரு பக்கத் தாளைச் சேர்த்தால் போதும்: பிளவு இருக்கும் இடம், செய்த அறுவைகள், ஷன்ட் வகையும் ஆண்டும், சிறுநீர்ப்பை அறுவை, சிறுநீரக அளவுகள், ரப்பர் ஒவ்வாமை, மருந்துகள், பிரசவத் திட்டம், மயக்க மருந்துத் திட்டம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய மூன்று மருத்துவர்களின் எண்கள். இவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும். நின்று பார்க்கும் எடை மெஷினுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியோடு ஏற்றிப் பார்க்கும் மேடை, தாழ்த்தக்கூடிய பரிசோதனைக் கட்டில், நாற்காலி நுழையும் கழிப்பறை ஆகிய மூன்றும் ஒவ்வொரு பெரிய மகப்பேறு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும்.

குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் வளர்ந்த பெண்ணை 18 வயதில் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அந்தத் தாளை எழுதிக் கொடுத்து, ஃபோலிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லி, ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அறிமுகப்படுத்தி அனுப்புங்கள். பெற்றோருக்கு: கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து மகள் கையில் கொடுங்கள். ஸ்பைனா பைஃபிடாவோடு வாழும் பெண்ணுக்கு: குழந்தை வேண்டும் என்று தோன்றிய மாதமே மருத்துவரைப் பாருங்கள், கரு உண்டாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். "முடியாது" என்று ஒரு மருத்துவர் ஒரே வார்த்தையில் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்லாவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். அது உங்கள் சட்டபூர்வமான உரிமை.